பக்கத்து வீட்டு ஜப்பான்

கதவுமணி அடித்தது. யாரென்று பார்க்காமலே சிவகௌரிக்குத் தெரிந்துவிட்டது.

“பெட்டி வந்திட்டுதப்பா,” என்றாள் கணவரிடம்.

வாசலில் பக்கத்து வீட்டு ஹரூக்கோ நின்றாள். இடுப்பு வரை குனிந்து வணங்கி, சிவகௌரியின் எவர்சில்வர் பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டினாள். பெட்டி பாரமாக இருந்தது. பெட்டிக்கு மேலே ஹரூக்கோவின் சொந்தக் கிண்ணம் வேறு.

எல்லாம் வடையால் வந்த வினை. ஈஸ்ட் ஹாமில் அந்தத் தெருவுக்கு ஹரூக்கோவும் புருஷனும் குடிவந்த அன்று, வீடு மாறின சனம் எங்கே சமைத்திருக்கப் போகிறது என்று சிவகௌரி ஒரு பெட்டி வடை கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்துப் பெட்டி திரும்பி வந்தது. உள்ளே பயறு வைத்த இனிப்பு உருண்டைகள். கூடவே ஒரு கிண்ணத்தில் அதற்குத் தொட்டுக்கொள்ளப் பாகு.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற குடும்பத்தில் சிவகௌரி பிறக்கவில்லை. கிண்ணத்தில் பாயசம் ஊற்றினாள். கிண்ணம் சின்னதாகத் தெரிந்ததால் பெட்டி நிறைய மோதகமும் வைத்தாள். அன்றிலிருந்து பெட்டிக்கும் கிண்ணத்துக்கும் ஓய்வில்லை.

சிவகௌரிக்கும் இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் வாரம் முழுக்க ஷிப்ட். ஞாயிறு ஒன்றுதான் முதுகைச் சாய்க்கிற நாள். இப்போது அதுவும் அடுப்படியிலேயே போனது.

“போதும் எண்டு நேராச் சொன்னால் என்ன?” என்று கணவரைக் கேட்டாள்.

குலசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் உள்ளூர் நூலகத்தில் ‘தற்கால ஜப்பானியச் சமூகம்: ஓர் அறிமுகம்’ என்ற இலவச வகுப்புக்குப் போய்வருகிறவர். போனது மூன்று வகுப்புத்தான். பேச்சைக் கேட்டால் தோக்கியோவில் பிறந்து வளர்ந்தவர் மாதிரி இருக்கும்.

“விசர்க்கதை கதையாதையும். அது அவையின்ர பண்பாடு. ஒண்டு வாங்கினால் ஒண்டு திருப்பிக் குடுத்தே ஆகவேணும். நாங்கள் நிப்பாட்டினால் அந்தப் பிள்ளைக்கு அவமானம்.”

“அப்ப இதை ஆர்தான் நிப்பாட்டுறது?”

“அது அடுத்த பாடத்தில வரும்.”

“வெள்ளிக்கிழமை எண்டால் மட்டும் மீன், இறைச்சி ஒண்டும் வராது. கவனிச்சனீங்களே?”

“புத்த சமயம்,” என்றார் குலசேகரம், யோசிக்காமலே.

அடுத்த பாடம் வரும் வரை காத்திருக்க முதுகு இடங்கொடுக்கவில்லை. சிவகௌரியே ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த தடவை ஹரூக்கோவின் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தபோது, பலகாரத்தைத் தூக்கி எறிகிற அலுமினியத் தட்டில் வைத்துக் கொடுத்தாள். திரும்பி வரப் பாத்திரமே இல்லை. கதை முடிந்தது.

முடியவில்லை. மூன்று அடுக்கு மரப்பெட்டி ஒன்று வந்தது. மூன்றிலும் சாப்பாடு.

“இதை நிரப்பவே எனக்கு ஒரு நாள் வேணும்!” என்று சிவகௌரி கதிரையில் விழுந்தாள்.

“ஒரு வேலை செய்வம்,” என்றார் குலசேகரம். “மரப்பெட்டியில எதையாவது போட்டுக் குடுத்திட்டு, நாங்கள் ரெண்டு கிழமை ஸ்கொட்லாந்து போறம் எண்டு சொல்லிவிடும். அதோட தொடர்பு அறுந்துபோம்.”

சொன்னாள். ஹரூக்கோவின் முகம் சற்று வாடியது. “பத்திரமாகப் போய் வாருங்கள், சிவகௌரி,” என்றாள் ஆங்கிலத்தில். சிவகௌரிக்கு மனம் சுட்டது. இத்தனை வருஷத்தில் அந்தத் தெருவில் அவள் பெயரை வெட்டிச் சுருக்காமல் முழுதாகச் சொன்ன ஒரே அயலவள் இவள்தான். அந்தப் பிள்ளையை அவளுக்கு மெய்யாகவே பிடிக்கும். பலகாரம் இல்லாமல் பிடித்திருந்தால் இன்னும் நல்லாயிருக்கும்.

அன்று மாலையே மணி அடித்தது. அழகான துணியில் முடிந்த ஒரு சின்னப் பொதி. பிரித்துப் பார்த்தால் நாலு எலுமிச்சம்பழம்.

“இதென்னப்பா, தேசிக்காய்?”

குலசேகரம் ஒன்றை எடுத்து மணந்து பார்த்தார். “வழியில தலைசுத்திச் சத்தி வராமல் மணந்து பாக்க. ஜப்பானியர் எதையும் யோசிச்சுத்தான் செய்வினம்.”

பிறகு இரண்டு வார ஸ்கொட்லாந்துப் பயணம் தொடங்கியது. திரைச்சீலைகளை இழுத்து மூடிக்கொண்டு இருவரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். டிவிக்குச் சத்தமில்லை. குலசேகரம் தலையணைக்குள் இருமினார். சிவகௌரி பின்பக்கச் சந்தால் கள்ளி மாதிரி ஷிப்டுக்குப் போய்வந்தாள். தாளித்தால் மணமே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மூன்று வேளையும் பாணும் பட்டரும்தான். சமைக்காமல் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்று. தேசிக்காயை வீணாக்க மனமில்லாமல் ஊறுகாய் போட்டாள்.

பயணம் முடிய இரண்டு நாள் இருக்கையில் குலசேகரம் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஐயோ, இரண்டாம் பாடம்! பயணம் போட்டு வந்தால் அயலட்டைக்கு அந்த ஊர்ச் சாமான் கொண்டுவந்து குடுக்கவேணும். வெறுங்கையோட வந்தால் மரியாதையில்லை!”

“போகாத ஊரில இருந்து என்னத்தைக் கொண்டுவாறது?”

தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ரயில் ஏறி நகரத்துக்குப் போய், ஆட்டுப் படம் போட்ட ஒரு ஸ்கொட்டிஷ் பிஸ்கட் பேணியோடு திரும்பினார் குலசேகரம். ஸ்கொட்லாந்துக்கே போயிருந்தால் இவ்வளவு களைத்திருக்க மாட்டார். அந்தப் பேணியும் ஊறுகாய்ப் போத்தலும் பக்கத்து வீட்டுக்குப் போயின.

பேணியும் ஒரு பாத்திரம்தான் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் அது திரும்பி வந்தது. நிறைய. கூடவே ஊறுகாய்ப் போத்தல், அதுவும் நிறைய. பேணிக்கு அடியில், வழமை போல, ஹரூக்கோவின் கிண்ணம்.

சிவகௌரிக்கு அழுகை வந்துவிட்டது.

“இந்த முறை வெறும் கிண்ணத்தைத்தான் குடுக்கப்போறன். அவமானப்பட்டால் படட்டும்!”

கழுவித் துடைத்த கிண்ணத்தோடு வாசல் வரை போனாள். கதவைத் திறந்தாள். வெறும் கிண்ணத்தை ஒருமுறை பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு, உழுந்து வாங்கக் கடைத்தெருப் பக்கம், ஹை ஸ்ட்ரீட் நோர்த்துக்கு நடந்தாள்.

பலசரக்குக் கடையில் பிலோமினம்மா கத்தரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த வட்டாரத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்று அவருக்குத் தெரியாமல் இராது.

“அக்கா, உழுந்து ஒரு பக்கெற் தாங்கோ.”

“முடிஞ்சுது பிள்ளை. கடைசிப் பக்கெற்றை இப்பதான் உங்கட பக்கத்து வீட்டு ஜப்பான் பிள்ளை கொண்டுபோகுது.”

“ஹரூக்கோவோ? அவளுக்கு என்னத்துக்கு உழுந்து?”

பிலோமினம்மா கத்தரிக்காயைக் கீழே வைத்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தார்.

“உங்களுக்கு வடை சுடத்தான்! நான் சேர்ச்சுக்குப் போற வேதக்காரி எண்டாலும் உங்கட சைவ முறையெல்லாம் எனக்குத் தெரியாமலோ? வெறும் பாத்திரம் குடுக்கக்கூடாது, வெள்ளிக்கிழமை மச்சம் ஆகாது, பயணம் போறவைக்குக் காரின்ர நாலு சில்லுக்கும் கீழ வைக்க நாலு தேசிக்காய், எல்லாம் நான்தான் சொல்லிக் குடுத்தனான். தோக்கியோவில தாங்கள் இருந்த ஃபிளாட்டில பக்கத்துக் கதவுக்குள்ள ஆர் இருக்கினம் எண்டே தெரியாதாம். பாவம், இண்டைக்கு அழாக்குறையாக் கேட்டிட்டுப் போகுது, ‘இந்தத் தமிழாக்கள் இதை எப்பதான் நிப்பாட்டுவினம்?’ எண்டு.”