ஆறாத காபி

ஹாஜி தாஹிர் காபிக் கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து ஏசி நின்றது.

எதற்கு முதலில் கவலைப்படுவது என்று உஸ்தாத் ஜவாதுக்குத் தெரியவில்லை. கோப்பை கீழே போனது எதிர்பார்த்ததுதான். பெண் கேட்டு வந்தவர்களின் பெரியவர் சம்மதம் கிடைக்கும்வரை காபியைத் தொட மாட்டார். கிடைக்காவிட்டால் தொடாமலே எழுந்து போவார். அப்படிப் போனால் அந்த வீட்டின் பெயர் பஸ்ரா கடைத்தெருவெல்லாம் நாறும்.

ஆகவே, பெண்ணைக் கொடுக்க மனமில்லாவிட்டாலும், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல ஜவாத் நினைக்கவில்லை. பேசிப் பேசியே காபியை ஆறவைத்து, "குளிர்காலம் வரட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிடுவதாகத் திட்டம். பள்ளிக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாகப் பையன்களைத் தூங்கவைத்த இயற்பியல் வாத்தியார் அவர். ஏசி மட்டும் ஓடினால் விடியும்வரை பேசக்கூடியவர்.

மாப்பிள்ளைப் பையன் மைத்தம் மீது அவருக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. துறைமுகத்தில் நல்ல வேலை, நல்ல குடும்பம், சிகரெட்கூடக் கிடையாது. ஆனால் ஒரு காலத்தில் அவருடைய மாணவன். "ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?" என்ற பரீட்சைக் கேள்விக்கு, "குளிரும், நன்றாகக் குளிரும்" என்று எழுதியவன். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை இப்படி மென்று துப்பியவனுக்கா, அதே கேள்விக்குப் பக்கம் பக்கமாக எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிய தன் மகள் ஷதாவைக் கொடுப்பது?

"ஒரு நிமிஷம் ஹாஜி" என்று எழுந்து போய், தெரு ஜெனரேட்டர் நடத்தும் ஸப்திக்குப் போன் போட்டார். அரசாங்க மின்சாரம் மத்தியானமே போய்விட்டது. ஸப்தியிடமிருந்து வீட்டுக்கு இரண்டு லைன் வருகிறது. ஏசிக்குத் தனி லைன், மற்றதற்கெல்லாம் இன்னொன்று. நின்றது ஏசி லைன்.

"கம்பி சூடாயிடுச்சு உஸ்தாத். ஆறணும்."

"எப்பப்பா ஆறும்?"

"அது கம்பியோட இஷ்டம்."

ஆகஸ்ட் மாதத்து பஸ்ராவில் எந்தக் கம்பி எப்போது ஆறியது? ஜவாத் வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். உள்ளறைக் கதவோரம் ஷதா நின்றிருந்தாள்.

"பாபா, பெரிய விசிறியை வைங்க. பாவம், வேர்க்குது அவங்களுக்கு."

மகளின் இரக்க குணம் அவர் மனதைத் தொட்டது. மின்விசிறியைக் கொண்டுவந்து ஹாஜிக்கு நேரே வைத்தார். உடம்பைவிடச் சூடான காற்றை உடம்பின் மீது ஊதினால் என்ன ஆகும் என்பது அவர் வருஷா வருஷம் நடத்துகிற பாடம். அது ஹாஜியின் மீசை சுருண்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"உஸ்தாத், இது விசிறியா, ரொட்டி சுடுற அடுப்பா?" என்றார் ஹாஜி.

"தண்ணி குடிங்க ஹாஜி."

"வல்லாஹி, அல்லா மேல ஆணை, வந்த காரியம் முடியாம ஒரு சொட்டு இறங்காது." ஹாஜி காபியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூட வந்த ஆண்கள் ஏழெட்டுப் பேரும் அவரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஜன்னலைத் திறந்தா என்ன பாபா?" என்றது கதவோரக் குரல்.

திறந்தார். வெளியே ஈரமான கடல்காற்று அதற்காகவே காத்திருந்ததுபோல் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. எல்லார் சட்டையும் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"தரையில தண்ணி தெளிச்சா குளிருமே பாபா" என்று ஷதா வாளியையே கொண்டுவந்து கொடுத்தாள். பதற்றத்தில் யோசிக்காமல் அள்ளித் தெளித்தார். தரையிலிருந்து ஆவி கிளம்பியது. கால் நனைந்த மைத்தத்தின் சித்தப்பா, "ஐயோ" என்று சோபாமேல் ஏறி நின்றார்.

"எந்தக் குழாய்லம்மா பிடிச்சே?"

"பச்சைத்தண்ணிக் குழாய்லதான்."

"அடிப்பாவி! மொட்டைமாடித் தொட்டி கொதிச்சுக் கிடக்கு. கோடையில பச்சைத்தண்ணி சுடுதண்ணிக் குழாய்லதானே வரும்! அணைச்சுவச்ச ஹீட்டர்லதானே நல்ல தண்ணி இருக்கும்! பஸ்ராவுல பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

"பயத்துல மறந்துட்டேன் பாபா."

கல்யாணப் பேச்சு என்றால் எந்தப் பெண்ணுக்கும் கை கால் ஓடாது என்று அவர் மன்னித்துவிட்டார். அவருக்கே ஓடவில்லை.

காபியை எட்டிப் பார்த்தார். இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பொருள்கள் சூட்டைப் பரிமாறிப் பரிமாறிக் கடைசியில் ஒரே நிலைக்கு வந்து சேரும் என்பதுதான் அவர் வகுப்பில் முதலில் நடத்தும் பாடம். காபி, சோபா, ஹாஜி மூன்றும் அந்த நிலையை நெருங்கிக்கொண்டிருந்தன.

"அபூ ஷதா, ஏதாவது செய்யுங்க!" என்று, ஷதாவின் அப்பா என மகள் பெயராலேயே அவரைக் கூப்பிடும் மனைவி நஜீபா உள்ளிருந்து பல்லைக் கடித்தாள். "ஹாஜி முகம் பீட்ரூட்டாட்டம் ஆகுது!"

"ஃபிரிட்ஜை இழுத்துட்டு வந்து கதவைத் திறந்து வச்சா?" என்றாள் ஷதா.

"நீயாம்மா சொல்றே? நூத்துக்கு நூறு வாங்கினவளா?"

"அது பரீட்சைக்கு பாபா. இது அவசரம்."

அவசரத்துக்கு இரண்டாம் விதி தெரியாது. ஜவாதும் சித்தப்பாவும் சேர்ந்து ஃபிரிட்ஜைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார்கள். முன்பக்கம் கொஞ்சம் குளிர் வந்தது. பின்பக்கத்திலிருந்து, வாங்கியதற்கு வட்டியும் முதலுமாகச் சூடு வந்தது. அது ஹாஜியின் பிடரிக்கு நேராக இருந்தது.

அதுவரை குனிந்து உட்கார்ந்திருந்த மைத்தம் மெல்லத் தலையைத் தூக்கினான்.

"உஸ்தாத், இதுக்குத்தானே எனக்கு முட்டை போட்டீங்க?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ஜவாதுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம்போல் இருந்தது. இவனை வேண்டாம் என்று சொல்ல இருந்த ஒரே காரணத்தைத் தன் கையாலேயே இழுத்துவந்து நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டாரே!

எல்லாரும் சிரித்தபோது ஹாஜி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"பெரியப்பாவுக்குப் பிரஷர் உண்டு" என்றான் மைத்தம், பயந்துபோய்.

ஜவாதின் கண்முன்னே எல்லாம் ஓடியது. பெண் கேட்டு வந்த பெரியவரை வாத்தியார் அவித்து அனுப்பினார் என்று ஊர் பேசும். அவர்கள் வம்சத்தார் அத்தனை பேரும் நியாயம் கேட்டு வாசலுக்கு வருவார்கள். குளிர்காலமாவது, பார்ப்பதாவது! கோப்பையை எடுத்து ஹாஜியின் உதட்டோடு வைத்தார்.

"குடிங்க ஹாஜி! ஷதா இனி உங்க வீட்டுப் பொண்ணு! குடிங்க, அப்புறம் தண்ணியும் குடிங்க!"

ஹாஜியின் கண் பளிச்சென்று திறந்தது. ஒரே மடக்கில் காபியை முடித்தார். மைத்தம் தாவி வந்து ஜவாதின் தோளில் முத்தமிட்டான். உள்ளே நஜீபாவும் அவள் தங்கைகளும் நாக்கைச் சுழற்றி விட்ட குலவை தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

குலவை ஓய்வதற்குள் ஏசி ஒரு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது.

"பார்த்தீரா உஸ்தாத்!" என்றார் ஹாஜி, குளிர்காற்றுக்கு முகத்தைக் காட்டியபடி. "நல்ல வார்த்தை சொன்னா குளிர்ச்சி தானா வருது."

எதுவும் தானாக வராது, எங்கோ யாரோ உழைத்தால்தான் வரும் என்று முதல் விதியை எடுத்துவிட ஜவாத் வாயைத் திறந்தார். கதவோரம் ஷதாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்து ரொம்ப நாளாயிற்று. போகட்டும், பையன் தங்கமானவன்தான். பாடத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். மனசு நிறைந்துபோய், எல்லார் கைக்கும் பேரீச்சம்பழ இனிப்பை அவரே எடுத்துக் கொடுத்தார்.

வாசலில் யாரோ தட்டினார்கள். கை நிறைய கிரீஸோடு ஸப்தி நின்றிருந்தான்.

"உஸ்தாத், அந்தக் குலவை உங்க வீட்லதானே? குலவை கேட்டப்புறம்தான் சுவிட்சைப் போடணும்னு உங்க பொண்ணு கண்டிப்பாச் சொல்லிச்சு. பக்கத்து வீட்டுக் குலவைன்னா சொல்லுங்க, மறுபடி அணைச்சுடறேன்."