சம்பந்தி அடித்த பினால்ட்டி

சுங்கை லாலாங்,
ஞாயிற்றுக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் விக்னேஸ்வரன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புஷ்பவள்ளியின் கணவன் சுப்பிரமணியம் பணிவுடன் எழுதுவது. இங்கு இடுப்பைத் தவிர எனக்கு எல்லாம் சுகம். ஜொகூரில் தாங்களும் குடும்பத்தாரும் நோய்நொடியின்றி இருக்க முருகனை வேண்டுகிறேன். நடந்ததைப் போனில் சொல்லலாம் என்றால், போனை உங்கள் தங்கை பிடுங்கி அவள் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுவாள். ஆகவே காகிதத்தில் எழுதி, மகள் வாசுகியை விட்டுப் படம் பிடித்து வாட்சாப்பில் அனுப்புகிறேன். அவள் பேச்சைக் கேட்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நேற்று வாசுகியைப் பெண் கேட்டு யான் ஊரிலிருந்து வந்தார்கள். பையன் சசிதரன், இவளோடு ஒரே தொழிற்சாலையில் வேலை. இரண்டு பேரும் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார்கள், பெரியவர்கள் நாங்கள் சும்மா தலையாட்ட வேண்டியதுதான். அதைக்கூட நான் ஒழுங்காகச் செய்யமாட்டேன் என்று பயந்து உங்கள் தங்கை காலையிலேயே எச்சரித்தாள். "இந்தாங்க, அவங்க முன்னால காற்பந்தப் பத்தி மட்டும் வாயத் திறக்காதீங்க. உங்க தோட்டக் குழு தோத்த கதையெல்லாம் கேட்டா, பொண்ணுக்கும் அந்த ராசி இருக்கும்னு நெனப்பாங்க." அவள் பயத்திலும் நியாயம் உண்டு மச்சான். மழையில் தோற்றோம், வெயிலில் தோற்றோம், எட்டுப் பேரோடு ஆடிய குழுவிடமும் தோற்றோம், எதிரணி வராமலே ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் நாம் வேறு திடலில் போய் நின்றுகொண்டு அவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள் என்று கைதட்டினோமே, மறக்க முடியுமா? ஆனால் தொண்ணூற்றிரண்டில் கிண்ணம் வாங்கினோமே! நீங்களும் நானும் லோரி கூரைமேல் ஏறி ஆடிய ஆட்டம் என்ன, அதில் தொடை வரை கிழிந்த என் சிலுவார் என்ன! அந்த ஒரு கிண்ணத்தை வைத்துத்தானே நாம் இத்தனை காலம் தலை நிமிர்ந்து நடக்கிறோம்?

நான் வாயைத் திறக்கவில்லை, சத்தியம். பெடோங்கிலிருந்து பிரியாணி கொண்டுவந்த நம்ம ஜலீல்தான், விருந்தாளிகள் பேச்சில்லாமல் சாப்பிடுவதைப் பார்த்துப் பாவப்பட்டு, "அண்ணே, அந்த பினால்ட்டி கதைய எடுத்து விடுங்கலா" என்றான். அவனும் நம்மைப் போலத் தோற்றுப் பழகிய ரசிகன், கிண்ணத்தோடு குழு நிற்கும் படத்தைக் கடையில் கல்லாவுக்கு மேலே மாட்டி தினமும் ஊதுபத்தி காட்டுகிறவன். அவன் கேட்டு நான் எப்படி மறுப்பது? எழுந்து நின்றேன். தொண்ணூற்றிரண்டு இறுதியாட்டம், கடைசி நிமிடம், யான் குழுவுக்கு பினால்ட்டி, அடிக்க வருகிறான் ஒரு மீசைக்காரன், எருமை மாதிரி மண்ணைக் கிளறுகிறான், ஓடி வருகிறான், உதைக்கிறான், பந்து கோலுக்கு மேலே, வேலிக்கு மேலே, செம்பனைக் காட்டுக்குள்ளே போய்விட்டது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடித்தே காட்டினேன். "அந்தப் பந்து இன்னும் பறந்துக்கிட்டுதான் இருக்கும், லங்காவிக்குப் போயிருக்கும்" என்று முடித்தேன். ஜலீல் மட்டும் சிரித்தான். பையனின் அப்பா காளிதாசன் கையைக் கழுவிவிட்டு வந்தார். மீசையைத் தடவினார்.

"அந்த எருமை நான்தாங்க" என்றார்.

புஷ்பவள்ளி சாம்பார் வாளியை அப்படியே கீழே வைத்தாள். நான் மன்னிப்புக் கேட்டேன், இன்னொரு கோழித்துண்டு வைத்தேன், ஒன்றும் எடுபடவில்லை. மனுஷன் கண் கலங்கிவிட்டது மச்சான். "முப்பது வருசமா ஊர்ல என்னைப் பார்த்தா செம்பனை செம்பனைனு கூப்பிடுறானுங்க. இங்க பொண்ணு கேட்டு வந்தாலும் அதே கதையா? நான் மறுபடி அடிக்கணும். நீங்களே கோல்ல நில்லுங்க. உள்ள போனாத்தான் தட்டு மாத்துவேன்." சசிதரன், "அப்பா, மாலுலா, வெக்கமா இருக்கு" என்று முகத்தை மூடிக்கொண்டான். வாசுகி என்னைப் பார்த்த பார்வையில் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

பட்டுப்புடவையும் பூத்தட்டுமாக எல்லாரும் பழைய திடலுக்குப் போனோம். நான் கோலில் நின்றேன். பின்னாலிருந்து புஷ்பவள்ளி, "பந்த உள்ள விட்டுருங்க, மரியாதையா விட்டுருங்க" என்கிறாள். அந்தப் பக்கம் ஜலீல், "அண்ணே, கிண்ணம்! நம்ம கிண்ணம்!" என்று கத்துகிறான். ஒரு பக்கம் மகள் வாழ்க்கை, ஒரு பக்கம் நம்ம வரலாறு. கடைசியில் மகள் பக்கம் சாய்ந்து, பந்து வலப்பக்கம் வருவதைக் கண்டதும் இடப்பக்கம் பாய்ந்தேன். இடுப்பில் ஏதோ படக்கென்றது. படுத்தபடியே திரும்பிப் பார்க்கிறேன், காளிதாசனின் செருப்புதான் வேகமாக உள்ளே போயிருக்கிறது. பந்து உருண்டு, தயங்கி, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. எழுந்திருப்பவன் போலத் தடுமாறி, குதிகாலால் பந்தை உள்ளே தள்ளிவிட்டேன்.

"கோல்!" என்று அந்த மனுஷன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குருவியெல்லாம் பறந்தது. ஓடிவந்து என்னைத் தூக்கினார், இருவரும் சேர்ந்து விழுந்தோம், அங்கேயே புல்லில் உட்கார்ந்தபடி தட்டு மாற்றினோம். தையில் கல்யாணம். சுங்கை பட்டாணி மண்டபத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் இருக்கிறாராமே, அவரிடம் சொல்லிவையுங்கள்.

ஒரே ஒரு வருத்தம். "அப்போ நாம ஜெயிக்கவே இல்லையா?" என்று கேட்ட ஜலீல், இரவோடு இரவாகக் கல்லாவுக்கு மேலிருந்த படத்தைக் கழற்றிவிட்டான். இன்று காலை தேத்தண்ணீர் குடிக்கப் போனால், "கடை மூடியாச்சு" என்கிறான், உள்ளே இருபது பேர் ரொட்டி சானாய் சாப்பிடுகிறார்கள். தாங்கள் ஒரு வார்த்தை அவனிடம் பேச வேண்டும். எல்லாருக்கும் எங்கள் அன்பும், சின்னவர்களுக்கு ஆசியும். மருதமலை முருகன் துணை இருக்கட்டும்.

இப்படிக்கு,
இடுப்பில் தைலத்துடன்,
சுப்பிரமணியம்

பி.கு.: மண்டபத்துக்குச் சொல்லாதீர்கள்! இப்போதுதான் காளிதாசன் போன் செய்து அழுதார். அன்று பினால்ட்டி அடித்தது அவரே இல்லையாம், அவர் அண்ணன் பரஞ்சோதியாம். இவர் ஆட்டம் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தவராம், அண்ணன் மானத்துக்காகச் சொன்ன பொய்யாம். அண்ணனுக்கு விஷயம் தெரிந்து, "என் பினால்ட்டிய அடிக்க இவன் யாரு?" என்று குதிக்கிறாராம், வரும் ஞாயிறு அவரே வந்து அடித்தால்தான் கல்யாணமாம். அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. பந்து எந்தத் திசையில் போகும் என்று சொல்வதற்கில்லை. ஆகவே தாங்கள் சனிக்கிழமையே புறப்பட்டு வந்து, செம்பனைப் பக்கமாக நின்று, எப்படியாவது உள்ளே தட்டிவிட வேண்டுகிறேன்.