தட்டில் என்ன வரும்?

"எங்கங்க வலிக்குது?" என்று மனைவி ஆதிலட்சுமி மூன்றாவது தடவை கேட்டபோது, தருமன் தொடை இடுக்கில் இருந்த கையைச் சட்டென்று வயிற்றுக்கு ஏற்றினார்.

"இங்கதான். அப்பெண்டிக்ஸா இருக்கும்."

பொய்க்குக் காரணம் அவள் தம்பி வல்லரசு. ஐந்து வருடத்துக்கு முன் அவனுக்கு அதே இடுக்கில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. அவனுக்கு 'மூட்டை' என்று பட்டம் சூட்டி அடி அண்ணாமலை ஊர் முழுக்கப் பரப்பியவர் தருமன். இப்போது அதே மூட்டை தனக்கே! தெரிந்தால் மானம் ஒரே நாளில் கிரிவலம் முடித்துவிடும்.

மூன்று நாள் ஓமத் தண்ணி குடித்தார். வீக்கம் கல்லாகிக் காய்ச்சலும் வந்தது. கடைசியில் ஆட்டோ பிடித்து வந்தவனே வல்லரசுதான். அவன் போட்ட போனில், கீழ்பென்னாத்தூர் சொந்தமெல்லாம் வேன் வைத்து ஆஸ்பத்திரியில் வந்து இறங்கியது.

டாக்டர் எழில் இடுக்கில் அழுத்தினார். தருமன் அலறினார்.

"குடலிறக்கங்க. உள்ள ஏதோ மாட்டி வீங்கியிருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"சார், வெளிய அப்பெண்டிக்ஸ்னு சொல்லிடுங்க. கால்ல விழறேன்."

"பொய் சொல்ல மாட்டேங்க. எடுத்ததைத் தட்டுல வச்சு வீட்டுக்காரங்களுக்குக் காட்டறது எங்க வழக்கம். இதுல காட்ட ஒண்ணும் இருக்காது. உள்ள தள்ளித் தைக்கிறதுதான்."

தருமனுக்குக் கத்தி பயமாக இல்லை. வெறும் தட்டுதான் பயமாக இருந்தது.

முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. பாழாய்ப்போன காது மட்டும் நன்றாகக் கேட்டது. திடீரென்று டாக்டர், "அடடா, இதைப் பாருங்க சிஸ்டர்" என்றார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் கஸ்தூரி ஒரு தட்டை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

குடலையே அறுத்துவிட்டார்களா? அண்ணாமலையாரே!

வெளியே ஒரே கூச்சல். ஆதிலட்சுமியின் குரல்தான் ஓங்கிக் கேட்டது. தெரிந்துபோய்விட்டது, இனி ஆயுசுக்கும் நான்தான் மூட்டை என்று தருமன் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

கஸ்தூரி கடுகடுவென்று திரும்பி வந்தாள்.

"வீக்கத்துக்குள்ளேருந்து நீங்க எடுத்த அப்பெண்டிக்ஸைத்தான் சார் காட்டினேன். எங்கேருந்து எடுத்தோம்னு சொல்றதுக்குள்ள, 'அதைத்தான எங்க வீட்டுக்காரர் மூணு நாளா சொல்றாரு, இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு இவ்ளோ நேரமா'ன்னு அந்தம்மா நம்மளத் திட்டறாங்க!"