ஏப்பம் விட்டது யார்?

வீட்டுக்குள் பண்ணைக்காரருக்கு செல்லாக்காசு மதிப்புதான். எந்தத் துண்டை எந்தக் கொடியில் காயப்போடுவது என்பதுகூட மனைவி வைத்த சட்டம். ஆனால் பின்பக்கத்து மாட்டுக்கொட்டகை அவருடைய ராஜ்ஜியம். அங்கே அவர் கனைத்தால் மாடுகள் திரும்பிப் பார்க்கும்.

அந்த ராஜ்ஜியத்துக்குத்தான் ஆபத்து வந்தது. பால் சங்கத்துப் பயிற்சிக்குப் போன மனைவி, ஒரு மூட்டையோடு வந்து இறங்கினாள்.

"என்னடி இது?"

"காஞ்ச கடற்பாசித் தூள். தீவனத்துல ஒரு பிடி கலந்தா மாடு விடற ஏப்பத்துல வாயு குறையும். அந்த வாயுதாங்க பூமியையே சூடாக்குது."

"மாட்டு ஏப்பமா! அப்ப நான் விடற ஏப்பம்?"

"அது வீட்டை மட்டும்தான் சூடாக்குது."

பண்ணைக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "இந்த நாத்தத்தைத் தின்னா மாடு பால் கறக்காது, உதைக்கும்."

"போன கோடையில மேய்ச்சல் எப்படிக் கருகிப்போச்சு, மறந்துட்டீங்களா? அந்த வேதனையிலதான் கேக்கறேன். பந்தயம் வெச்சுக்கலாம். இடது வரிசை உங்களுக்கு, பழைய தீவனம். வலது வரிசை எனக்கு, கடற்பாசி. எது அதிகம் கறக்குதோ, அவங்க சொல்றதுதான் கொட்டகையில சட்டம்."

ஒரு விஷயத்தைப் பிடித்தால் அடிவேர் வரை தோண்டாமல் விடமாட்டாள் அவள். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே சொன்னால் மீசை என்னாவது? "சரி" என்று உறுமினார்.

தீவனம் கலப்பது எப்போதும் அவள் வேலை. கொட்டுவது அவர் வேலை. சிவப்பு வாளி இடதுக்கு, நீல வாளி வலதுக்கு. முதல் வாரமே அவர் கணக்கு பொய்த்துவிட்டது. வலது வரிசை உதைக்கவில்லை. பால் கொஞ்சம் கூடியிருந்தது.

கில்லாடி! தூளில் ஏதோ சங்கதி இருக்கிறது என்று மனசுக்குள் மனைவியை மெச்சினார். மெச்சியவர் சும்மா இருந்தாரா? அவள் பாலை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குக் கிளம்பியதும், நீல வாளியை இடது வரிசைக்கும் சிவப்பு வாளியை வலது வரிசைக்கும் மாற்றிக் கொட்டினார். நாற்றத்துக்கு மூக்கில் துண்டு. மனசாட்சிக்குப் பயந்து கண்ணையும் மூடிக்கொண்டார். இதுவே தினப்படி வழக்கமாகிவிட்டது.

மாதக் கடைசியில் பால் அளந்தபோது இடது வரிசை ஒரு செம்பு முந்தியிருந்தது. மாட்டு டாக்டரம்மா, மாட்டின் மூக்கருகே பிடித்து வாயுவை அளக்கும் கருவியோடு வந்திருந்தார். அவர் எதிரிலேயே பண்ணைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"கேட்டுக்கோ! இடது வரிசை என்ன தின்னுச்சோ அதைத்தான் இனிமே இங்க எல்லா மாடும் தின்னணும். இது என் உத்தரவு!"

"மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் வாக்கு மாறினதா சரித்திரமே கிடையாது!"

டாக்டரம்மா இடது வரிசை முழுக்கக் கருவியைப் பிடித்துப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. "வாயு நல்லாக் குறைஞ்சிருக்கே! இதுங்களுக்கு என்ன போட்டீங்க?"

பண்ணைக்காரர் கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்தார். மனைவிதான் பதில் சொன்னாள்.

"கடற்பாசிதாங்க டாக்டர். இவர் வாளி மாத்தின அன்னைக்கே இடது வரிசை மாட்டு மூக்கெல்லாம் பச்சைத் தூள். நான் கேக்கலை. மறுநாள்லேர்ந்து ரெண்டு வாளியிலயும் கலந்துட்டேன்."

"ரெண்டுலயுமா?" என்றார் பண்ணைக்காரர், ஈனசுரத்தில்.

"ஆமாங்க. நீங்க கடற்பாசியை எடுத்துக் கடற்பாசிக்கு மாத்திக்கிட்டு இருந்தீங்க. கவலைப்படாதீங்க, இனிமேலும் உங்க உத்தரவுப்படிதான் நடக்கும்."

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வலது வரிசைக்கும் போய்ப் பார்த்தார். "இங்கயும் குறைஞ்சிருக்கு. மொத்தக் கொட்டகையிலயும் ஏப்பம் அடங்கிடுச்சு!"

பண்ணைக்காரர் மனைவியைப் பார்த்தார். கோபம் வரவில்லை. எப்பேர்ப்பட்ட மூளை என்று மலைப்புதான் வந்தது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எங்க அடங்குச்சு டாக்டர்? என் கொட்டகையை முழுசா ஏப்பம் விட்டுட்டு, இதோ நிக்கறா பாருங்க!"