தொற்றுநோய்க் கணக்கில் ஒரு பானை மோர்

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் திட்டுவாங்கியைப் போலத் திட்டு வாங்கிய மனிதர் அவருக்கு முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. மற்றவர்கள் தப்புச் செய்துவிட்டுத் திட்டு வாங்குவார்கள். இவர் மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு திட்டு வாங்கினார். அதையும் லீவு போடாமல் வாங்கினார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆபீசில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் நான் டைப்பிஸ்ட். அவர் மனு வாங்கும் கிளார்க். கிணற்றில் தவளை, ரோட்டில் பள்ளம், தெருவிளக்கு எரியவில்லை என்று கிராமங்களிலிருந்து யார் கொதித்துக்கொண்டு வந்தாலும், வாசலைத் தாண்டியதும் முதலில் அகப்படுவது அவர் மேஜைதான். பி.டி.ஓ. செய்த தப்பு, ஓவர்சியர் செய்த தப்பு, மழை செய்த தப்பு எல்லாவற்றுக்கும் வசவு அங்கேதான் போய்ச் சேரும்.

வேறு யாராக இருந்தாலும் மாற்றல் கேட்டு ஓடியிருப்பார்கள். இவரோ கச்சேரியில் முன்வரிசை கிடைத்தவர்போல உட்கார்ந்திருப்பார். கண்ணை மூடிக்கொள்வார், தலை மெல்ல ஆடும், நல்ல வசவு விழும் இடத்தில் 'ம்' என்று ஒரு சத்தம் வரும். ஒருமுறை ரோட்டுப் பள்ளத்தில் வண்டி குடைசாய்ந்த கோபத்தில் வந்த ஒரு விவசாயி, நாலு வார்த்தையிலேயே மூச்சு வாங்கி நின்றுவிட்டார்.

"அம்புட்டுத்தானா?" என்றார் திட்டுவாங்கி, ஏமாற்றத்தோடு.

"வேற என்னய்யா சொல்லச் சொல்றீக?"

"வெங்காய மூட்டை பூராம் சேத்துல விழுந்துருச்சுங்கிறீக. அதுக்கு இது காணாதே! செத்த நேரம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டு, மறுபடி மொதல்லயிருந்து ஆரம்பிங்க."

விவசாயி உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், ஆரம்பிக்கப் போனவர் சிரித்துவிட்டார். நல்ல திட்டு ஒன்று வீணாய்ப் போன வருத்தத்தில் அன்று முழுக்கத் திட்டுவாங்கிக்கு முகமே சரியில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து எங்கள் பகுதிக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு அம்மாள், "ஏனுங்க, நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்கங்க, கட்டையில போயிருவீங்கங்க" என்று மரியாதை குறையாமல் அவரைச் சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்தாள். அதை அவர் பஸ்ஸில் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "பாத்தீரா, எம்புட்டுக் கோவத்துலயும் 'ங்க' போட மறக்கல பாரும்! என்னா வளர்ப்பு!"

திண்டுக்கல்லில் ஒரு மாடி அறை, மெஸ்ஸில் சாப்பாடு. மனிதர் தனிக்கட்டை. வீட்டில் திட்ட ஆளில்லாத குறையை ஆபீசில் தீர்த்துக்கொள்கிறார் என்று நாங்கள் கேலி பேசுவோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் வடக்கே பனிமலையில் சண்டை மூண்டது. எங்கள் யூனியனில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரே கிடையாது. பட்டாளத்தான் பெண்டாட்டிகளும் தாய்மார்களும் ஒவ்வொருவராக ஆபீசுக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் கொண்டுவந்த குறைகள்தான் விநோதமாக இருந்தன. ஒருத்திக்குக் கிணற்றுத் தண்ணீர் திடீரென்று கசந்தது. இன்னொருத்தியைத் தெருநாய் ஒரு மாதிரியாகப் பார்த்தது. வடமதுரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்த பேச்சியம்மாளுக்கு வீட்டுக்கு எதிரே இருந்த தெருவிளக்கு எரியவில்லை. ஆள் அனுப்பிப் பார்த்தால் விளக்கு நன்றாகவே எரிந்தது. அதற்கடுத்த வாரமும் வந்து, எரியவில்லை என்று மேஜையில் ஓங்கி அடித்துக் கத்தினாள்.

"அந்தம்மாவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கய்யா" என்றார் அப்போதிருந்த பி.டி.ஓ.

"கண்ணுல ஒண்ணும் கோளாறு இல்ல சார்" என்றார் திட்டுவாங்கி. "புருசன்கிட்டயிருந்து லெட்டர் வந்த வாரம் அந்த லைட்டு எரியுது. வராத வாரம் எரிய மாட்டேங்குது."

அதோடு விட்டிருந்தால் அவர் திட்டுவாங்கி இல்லையே. நேரே யூனியன் சேர்மனிடம் போய் நின்றார். பட்டாளத்துக் குடும்பங்களுக்கென்று வெள்ளிக்கிழமை தோறும் விதைக் கிடங்கின் தாழ்வாரத்தை ஒதுக்க வேண்டும். உட்காரப் பாய் வேண்டும். ஒரு பானை மோர் வேண்டும். திட்டு வாங்க அவரை அங்கே உட்கார்த்த வேண்டும். சேர்மன் வெங்காயம் போட்டுப் பணம் பார்த்தவர். காசை எடுப்பதற்குள் அவருக்கு வெங்காயம் உரிக்காமலே கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

"ஏம்ப்பா, ஊரு பூராம் யுத்த நிதி குடுத்துக்கிட்டு இருக்கு. நீ திட்டு வாங்குறதுக்கு நிதி கேக்குறியா?"

"திட்டு சும்மாவே கிடைக்குதுங்கய்யா. மோருக்குத்தேன் காசு."

விஷயம் யூனியன் கூட்டத்துக்கு வந்தது. கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் சண்டை. ரோட்டுக்குக் கணக்கு உண்டு, கிணற்றுக்கு உண்டு, காளைமாட்டுக்குக்கூட உண்டு. மனசுக்கு இல்லை. மோர் மாட்டிலிருந்துதானே வருகிறது, கால்நடை அபிவிருத்தியில் எழுதலாமே என்றார் ஒரு உறுப்பினர். பட்டாளத்தான் பெண்டாட்டி என்ன பசுமாடா என்று இன்னொருவர் எகிறினார். கடைசியில் பின்னால் நின்ற திட்டுவாங்கி தொண்டையைக் கனைத்தார்.

"தொத்துநோய்த் தடுப்புல போடுங்கய்யா."

"மோர் குடிச்சா காலரா நின்னுருமா?"

"காலரா இல்லீங்கய்யா, பயம். ஒரு வீட்டுல வந்துச்சுன்னா தெருவே படுத்துருது. ஒருத்தி தூங்காமக் கிடந்தா அடுத்த வீட்டுக்காரிக்கும் தூக்கம் போயிருது. இது ஒட்டுவாரொட்டி இல்லாம வேறென்ன?"

சேர்மன் நெடுநேரம் மேலே பார்த்துவிட்டு, "சரி, எழுது. பெருங்காயம் போடக் கூடாது, விலை ஜாஸ்தி" என்று தீர்ப்புச் சொன்னார்.

வெள்ளிக்கிழமைகள் களைகட்டின. திட்டுவாங்கி வைத்திருந்த ஒரே விதி, திட்டு முடியும்வரை தான் வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான். பதில் சொன்னால் திட்டு பாதியில் நின்றுபோகும், நின்றால் உள்ளேயே தங்கிவிடும் என்பது அவர் சித்தாந்தம். பெண்கள் வந்ததும் யூனியனையும் அவரையும் அவர் வம்சத்தையும் ஒரு பிடி பிடிப்பார்கள். பிறகு பாயில் உட்கார்ந்து மோர் குடிப்பார்கள். வந்த கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்கள். வராத கடிதத்தைப் பற்றியும் அங்கேதான் பேசினார்கள்.

சண்டை நின்றது. நின்றுபோயிருந்த கடிதங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வந்தவர்கள் குறை சொல்வதை விட்டு மோருக்கு மட்டும் வந்தார்கள். பேச்சியம்மாளுக்கு மட்டும் கடிதம் வரவில்லை. தந்தியும் வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒருவரும் இல்லை. வாரம் தவறாமல் அவள் தெருவிளக்கு எரியாமல் போனது.

இந்த நேரத்தில் புது பி.டி.ஓ. வந்தார். இளவயசு, சுறுசுறுப்பு, கெட்டிக்காரர். செலவுக் கணக்கைப் பார்த்ததும் திட்டுவாங்கியைக் கூப்பிட்டார்.

"சண்டைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் எதுக்கு மோர்?"

"ஒரு லைட்டு இன்னும் எரியல சார்."

கெட்டிக்காரர்களிடம் இப்படிப் பேசக் கூடாது. அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேரே பேச்சியம்மாள் ஊருக்குப் போனார். பெரிய பல்பாக மாற்றச் செய்தார். அதோடு அந்த ஊர்க் கிணற்றையும் தூர்வாரச் செய்தார், தெருநாய்களையும் பிடிக்கச் செய்தார். திரும்பி வந்து, குறைகள் யாவும் தீர்ந்துவிட்டபடியால் குறைகேட்பு அவசியமில்லை என்று மோரை நிறுத்திவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேச்சியம்மாள் வந்தாள். பி.டி.ஓ. தாமே எழுந்துபோய் அன்பாக விசாரித்தார்.

"தெருவிளக்கு எரியுதாம்மா?"

"எரியுதுங்கய்யா."

"கிணறு?"

"நல்லாருக்குங்கய்யா."

"வேற ஏதாச்சும் குறை உண்டா?"

பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டே நின்றாள். "ஒண்ணும் இல்லீங்கய்யா" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்க்கத் திரும்பினாள். எனக்கு அந்த முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. வாரம் முழுக்கச் சுமந்து வந்ததை அப்படியே திரும்பச் சுமந்துகொண்டு போகிறாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

திட்டுவாங்கி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"ஏ பேச்சியம்மா, நில்லு. நீ எழுதிக் குடுத்த மனு இருக்குல்ல? அதுல நான் வடை மடிச்சுத் தின்னுட்டுத் தூக்கிப் போட்டுட்டேன்."

ஆபீஸ் அரண்டுபோனது. பி.டி.ஓ.வின் முகம் சிவந்தது. பேச்சியம்மாள் ஆயுளில் மனு எழுதிக் கொடுத்தவள் இல்லை. அவளுக்கு எழுதவே தெரியாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவள் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டது வசவு.

"ஏன்யா, வடையவா மடிச்ச? நீயெல்லாம் ஒரு மனுசனா? எழுதுன மனுவ வச்சுக் காப்பாத்தத் தெரியல, உனக்கெல்லாம் ஒரு வேலை! ஒருத்தி இங்க உசுரக் கையில புடிச்சுக்கிட்டுக் கிடக்கா, நீ வடை திங்கிறியா? ஒரு வரி எழுதுனா அந்தப் பாவி கையி ஒடிஞ்சா போயிரும்? இருக்கேன்னு ஒரு வரி போடக் கூடாதா? இல்லேன்னா, இல்லேன்னாவது யாராச்சும் சொல்லக் கூடாதா?"

அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினாள். மோர் நின்றது தெரியாமல் வந்திருந்த மற்ற பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். திட்டுவாங்கி கையைக் கட்டிக்கொண்டு, அவள் ஓயும்வரை அசையாமல் நின்றார்.

பி.டி.ஓ. உள்ளே ஓடிப்போய்த் தம்முடைய பிளாஸ்க்கிலிருந்த காபியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். பிறகு என் மேஜைக்கு வந்து, தாழ்ந்த குரலில், "அந்த மோர் விஷயம்... பழையபடி தொற்றுநோய்லயே டைப் பண்ணிருங்க" என்றார்.

மாசி பங்குனி கழிந்து, வெயில் ஏறிய பிறகு பேச்சியம்மாளுக்குக் கடிதம் வந்தது. அவள் புருஷன் எதிரியிடம் பிடிபட்டிருந்து, விடுபட்டு, ஆஸ்பத்திரியில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். அந்த ஊர் வழியாக வந்த பஸ் கண்டக்டர் ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி ஓடிவந்து சொன்னார். நாங்கள் கை தட்டினோம். திட்டுவாங்கி துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் மனிதர் ஒரு மாதிரி ஆகிவிட்டார். துடைத்த மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தார். "லெட்டர் வந்துருச்சுல்ல, இனி பேச்சியம்மா வராது. வரக் கூடாது, அதுதேன் நல்லது" என்று என்னிடம் தேவையில்லாமல் விளக்கம் வேறு.

மத்தியானம் நல்ல வெயிலில் பேச்சியம்மாள் வந்து நின்றாள். கையில் ஒரு பை நிறையக் கத்தரிக்காய்.

"லெட்டருதேன் வந்துருச்சே தாயி, பெறகெதுக்கு இந்த வெயில்ல வந்த?"

"நான் வல்லேன்னா நீங்க என்ன செய்வீக? திட்ட ஆளில்லாம ஒத்தையில உக்காந்திருப்பீகளேன்னுதேன் வந்தேன்."

திட்டுவாங்கி மேஜை துடைத்த துணியை மடித்து வைத்தார். பிறகு, "வந்தது வந்துட்ட, சும்மா நிக்காத. ஆரம்பி" என்றார்.

அவள் முயன்று பார்த்தாள். சிரிப்புத்தான் வந்தது. ஒருவழியாக முகத்தைக் கடுகடுப்பாக்கிக்கொண்டு, "இம்புட்டு எளைச்சுப் போயிக் கிடக்கீகளே, நேரத்துக்குச் சாப்பிட மாட்டீகளா? நல்ல மனுசன்தான் போங்க!" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, பையை மேஜையில் வைத்தாள்.

அன்று சாயங்காலம் அந்தப் பையோடுதான் அவர் பஸ் ஏறினார். மெஸ்ஸில் சாப்பிடும் மனிதருக்கு அத்தனை கத்தரிக்காய் எதற்கு? ஒன்றைக்கூட எனக்குத் தராமல் பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து வந்தார். நானும் கேட்கவில்லை. அந்த மனிதருக்குப் பக்கத்து சீட்டில் இத்தனை வருஷம் உட்கார்ந்து போய்வந்தேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.