பால்கனியும் பாதிக் குதிரையும்

திரையில் இருந்த கெட்டில் படத்தின் மேல் எர்மெக் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். விடுப்பு கேட்க வந்தவனைக் கண்டுகொள்ளாத மேலாளர் மாதிரி, திரை தன் பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது.

நேற்று மாலை வரை சமர்த்தாக வேலை செய்ததுதான். உள்ளங்கை அளவில் ஒரு சின்னக் கணினி, அதன் மேல் ஏழு அங்குலத் தொடுதிரை. திரையில் கெட்டிலைத் தொட்டால் சமையலறையில் நிஜக் கெட்டில் கொதிக்கும். நடந்து போய்ப் பொத்தானை அழுத்தினாலும் கொதிக்கும். ஆனால் அதைச் சுட்டிக்காட்டியவர்களோடு எர்மெக் இப்போது பேசுவதில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பது வருடம் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதமாக இந்தக் கணினியோடு கண்ணாடி போட்ட பால்கனியே கதி. வெளியே கஜகஸ்தானின் கரகந்தா நகரில் மைனஸ் இருபத்துநாலு. பால்கனியில் ஏதோ தெரிந்த மனிதர் என்று இரண்டு டிகிரி தள்ளுபடி.

பிரச்சினை குளிர் அல்ல, குதிரை. குளிர்காலக் கறிக்காக அவரும் சகலை ஒராஸ்பெக்கும் சேர்ந்து ஒரு குதிரை அடித்திருந்தார்கள். அதில் பாதி இன்று பன்னிரண்டரைக்கு வருகிறது. அந்தக் கட்டடத்தில் எல்லார் வீட்டுக் கறியும் கெடாமல் உறைந்திருக்கப் பால்கனியில்தான் தொங்கும். எர்மெக் வீட்டுப் பால்கனியில் மட்டும் கம்பிகள் தொங்கின.

போன வாரம் மனைவி ரௌஷான் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "சகலை முன்னாடி தொட்டுக் காட்டுங்க. கெட்டில் கொதிச்சா பால்கனி உங்களுக்கு, கறியை எங்க அம்மா வீட்டுல வெச்சுக்கறேன். கொதிக்கலேன்னா எல்லாத்தையும் கழட்டிடணும்."

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கென்று இருந்தது அந்த மூன்று சதுர மீட்டர்தான். அதையும் ஒரு குதிரைக்கு விட்டுக்கொடுப்பதை நினைத்தால் அவருக்கு அழுகையே வந்தது.

கதவு திறந்தது. ரௌஷான் பால் தேநீருடன் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கையுறை போட்டிருக்கீங்கல்ல?"

இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஒட்டக ரோமத்தில் பின்னிய புத்தம்புதுக் கையுறை. விரல் நுனியெல்லாம் பிய்ந்துபோன பழசைக் காலையில்தான் அவள் குப்பையில் போட்டிருந்தாள். "வர்றவங்க பாத்தா என்னைத்தானே பேசுவாங்க?"

கணினியை மூன்று தடவை அணைத்து ஏற்றினார். அசையவில்லை. சரி, திரைக்குப் போகும் ரிப்பன் கேபிள் தளர்ந்திருக்கும் என்று அதன் நகத்தளவு பூட்டைத் தூக்கினார். தடித்த கையுறைக்கு நகத்தளவு பூட்டா தெரியும்? 'டக்' என்று உடைந்தது. தீக்குச்சியைச் செருகி நிறுத்தினார். படம் வந்தது, ஆனால் குளிர்காய்ச்சல் கண்டது போல நடுங்கியது.

குளிரில் விறைத்துவிட்டதோ? ரௌஷானின் முடி உலர்த்தியைக் கொண்டுவந்து அதே இணைப்பில் செருகினார். வீடு முழுக்க மின்சாரம் போயிற்று.

"அடுப்பும் போச்சு!" உள்ளேயிருந்து குரல். "முப்பது வருஷ எலெக்ட்ரீசியன் வீட்டுல!"

ஃபியூஸைச் சரிசெய்துவிட்டு, சின்னக் கணினியின் நினைவக அட்டையைக் கழற்றிக்கொண்டு சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தார். மென்பொருளை அழித்துப் புதிதாக ஏற்றினால் எல்லாம் சரியாகும் என்று இணையத்தில் யாரோ எழுதியிருந்தான். 'அட்டையில் உள்ள அனைத்தும் அழியும். நகல் எடுத்துவிட்டீர்களா?' என்று மடிக்கணினி மரியாதையாகத்தான் கேட்டது. மணி பன்னிரண்டு. 'ஆம்' என்று அழுத்தினார். எடுக்கவில்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது ரௌஷானே அவர் கைகளைப் பிடித்துக் கையுறையை மாட்டிவிட்டாள். "விரல் விறைச்சுப்போனா அப்புறம் யாரு பாக்கறது?"

எர்மெக்குக்கு மனம் இளகிவிட்டது. போட்டி என்று வந்த பிறகும் எத்தனை அக்கறை! இவளோடு போய்ப் பால்கனிக்காகச் சண்டை போட்டோமே என்று வெட்கப்பட்டார். வெட்கப்பட்டபடியே போய் அட்டையைச் செருகித் திரையைத் தொட்டார். அசையவில்லை.

பன்னிரண்டு இருபதுக்கே ஒராஸ்பெக் வந்து நின்றார். தோளில் ஒரு முழுத் தொடை.

"எங்க சகலை அந்த அதிசயம்? வழியெல்லாம் நாக்கு வறண்டு வந்திருக்கேன், தேநீர் தரும்னாங்க!"

"தொடாதே, அது இன்னும்…"

கொழுப்பு ஒட்டிய விரலால் ஒராஸ்பெக் ஒரு குத்துக் குத்தினார். திரை துள்ளி எழுந்தது. 'வருக! உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுங்கள்.'

"எனக்கு வேலை செய்யுதே!" ஒராஸ்பெக் சகலையை ஏற இறங்கப் பார்த்தார். "அட மனுஷா, கையுறையைக் கழட்டு! அதோட தொட்டா என் போன்கூட அசையாது."

எர்மெக் கழற்றினார். தொட்டார். திரை உடனே அடுத்த கேள்வியைக் கேட்டது: மொழி எது?

"சரி, கெட்டில் எங்கே?"

கெட்டில் இல்லை. இரண்டு மாத வேலையும் 'ஆம்' என்ற ஒரே சொல்லில் போயிருந்தது.

"ஐயோ, என் கையுறையாலதானா?" ரௌஷான் தலைக்குட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தக் கருமாந்திரமெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?"

"அழாதே ரௌஷான். நீ நல்லதுக்குத்தானே கொடுத்தே. பழசுல விரல் வெளியே நிக்கும், அதான் எனக்கும் தோணல." எர்மெக் தானே திருப்புளியை எடுத்துக் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினார். தோற்றதைவிட, அவள் மனம் நொந்ததுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. தோள் கொடுத்துக் கறியையும் அவரே பால்கனியில் இறக்கிவைத்தார்.

அப்போது மூச்சு வாங்கப் படியேறி வந்த ரௌஷானின் தங்கை சல்தனாத், வாசலில் பூட்ஸைக் கழற்றியபடியே உள்ளே பார்த்துக் கத்தினாள்:

"அக்கா, நான் பின்னின கையுறை வேலை செஞ்சுதா? அந்த நம்பிக்கைலதான் கறிக் கொக்கியெல்லாம் நேத்தே வாங்கிட்டேன்!"