அசையாத வகுப்பு

"இன்னையில இருந்து இந்த வீட்டுல இன்டர்நெட் சம்பந்தப்பட்ட எல்லா முடிவையும் நான்தான் எடுப்பேன். யாரும் குறுக்க பேசக்கூடாது!"

திங்கக்கிழமை காலையில, தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே இப்பிடி ஒரு பிரகடனம் பண்ணினேன். வீட்டுல இருந்தது நானும் என் சம்சாரம் ஷிரானியும் மட்டுந்தான். அதனால 'யாரும்'னா யாருன்னு அவளுக்கே வெளங்கியிருக்கும்.

"பேசல. குடிச்ச கோப்பைய குசினியில கொண்டு போய் வைங்க."

"நான் குசினிக்குள்ள, அடுப்படிப் பக்கமே வர்றதில்லன்னு ஒனக்குத் தெரியுந்தானே?"

"முப்பத்தோரு வருசமா தெரியும்," அப்பிடின்னு சொல்லிட்டு கோப்பைய அவளே எடுத்துக்கிட்டுப் போனா.

நான் ராஜநாயகம். மாத்தளைக்குக் கிட்ட, பலாபத்வல மெயின் ரோட்டுல இருந்து கால் மைல் மேல ஏறினா எங்க வீடு. முப்பத்து மூணு வருசம் பள்ளிக்கூடத்துல தமிழ் படிப்பிக்கிற சேரா இருந்து ரிட்டயர் ஆனவன். உண்மையச் சொல்றேன், ரிட்டயர் ஆன இந்த ரெண்டு வருசமும் எனக்குப் பைத்தியம் புடிக்காத கொறதான். 'எந்திரிச்சு நில்லு'ன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் இல்ல. ஷிரானிகிட்ட ஒருநாள் சொல்லிப் பாத்தேன். அன்னைக்குப் பகல் சோறு கெடைக்கல.

அப்பதான் சுவிஸ்ல இருக்கிற தமிழ்ப் பெற்றோர் சங்கம் ஒண்ணு, அங்க பொறந்த புள்ளைங்களுக்கு சூம்ல தமிழ் படிப்பிக்க ஆள் தேடுறதா கேள்விப்பட்டு எழுதிப் போட்டேன். சங்கத்துச் செயலாளர் சந்திரகாந்தா மெடம் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். நாப்பது நிமிசத்துல ஒம்போது தடவ லைன் அறுந்துச்சு. எங்க வீட்டுக்கு வர்ற வயரு பலா மரத்துக்குள்ள பூந்து வருது. அதுல நாள் பூரா குரங்கு ஊஞ்சலாடுது. அன்னைக்குக் குட்டியோட வந்து ஆடியிருக்கும் போல.

மெடம் நல்லவங்க. இன்னொரு தடவ தந்தாங்க. "சேர், வர்ற சனிக்கிழமை, உங்க நேரம் பின்னேரம் அஞ்சு மணி. இதான் கடைசி. சரிவராட்டி யாழ்ப்பாணத்துல ஒரு மாஸ்டர் ரெடியா இருக்கார்."

அந்த மாஸ்டரை எனக்குத் தெரியாது. ஆனா அந்த நிமிசத்துல இருந்து அந்த ஆளை எனக்குக் கண்ணுல காட்டக்கூடாது.

கையில இருந்தது அஞ்சே அஞ்சு நாள். ஒரு புதுக் கொப்பி எடுத்து, அடிமட்டம் வச்சுக் கட்டம் போட்டு, கம்பனி பேரெல்லாம் வரிசையா எழுதினேன். ஷிரானி பின்னால வந்து நின்னு எட்டிப் பாத்தா.

"என்னங்க, ஜங்ஷன்ல ஒரு புதுக் கம்பனி சிம் விக்கிறாங்க. நல்லா வேல செய்யுதாம். பக்கத்து வீட்டு சவரியம்மா போன்ல போட்டுப் பாத்தேன், நம்ம குசினி ஜன்னல்ல..."

"ஷிரானி, இது டெக்னிக்கல் விசயம்."

"நானும் டெக்னிக்கலாத்தான் சொல்றேன். சிக்னல் நாலு கோடு..."

"நீ பாலர் பள்ளிக்கூடத்துல இருவது வருசம் களிமண் உருட்டின ஆளு. ஒனக்கு இதெல்லாம் வெளங்காது."

அவ வாய மூடிக்கிட்டா. ஷிரானி பேசினா பிரச்சினை இல்ல. வாய மூடினாத்தான் நான் பயப்படணும். முப்பத்தோரு வருச அனுபவம் இருந்தும் அன்னைக்கு அத மறந்துட்டேன்.

செவ்வாக்கிழமை மாத்தளை டவுனுக்குப் போனேன். மொத கம்பனியில ஒரு புள்ள சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு, "கேபிள் ஜங்ஷன் வரைக்கும் வந்துருச்சு சேர். உங்க ரோடு அடுத்த கட்டத்துல."

"அடுத்த கட்டம் எப்ப?"

"அது அடுத்த கட்டத்துலதான் தெரியும் சேர்."

கொப்பியில அந்தக் கட்டத்த வெட்டினேன்.

புதன்கிழமை ரெண்டாவது கம்பனி. உள்ள காலடி வச்சதும், டை கட்டின ஒருத்தன் கதிரைய தள்ளிட்டு விறைப்பா எந்திரிச்சு நின்னான்.

"சேர்! என்னை ஞாபகம் இருக்கா? றெக்சன். பத்தாம் ஆண்டுல என்னை முழங்கால் போட வச்சீங்க!"

"எதுக்குடா?"

"கட்டுரையில பொய் எழுதினதுக்கு சேர்."

"இப்ப என்ன வேல பாக்குற?"

"விற்பனை சேர்."

அங்கயே நான் உசாராகியிருக்கணும். ஆனா அவன் ஒக்காரவே இல்ல. நான் ஒரு கேள்வி கேட்டா கையக் கட்டிக்கிட்டுப் பதில் சொல்றான். ரெண்டு வருசம் கழிச்சு எனக்கு முன்னால ஒரு மாணவன் எந்திரிச்சு நிக்கிறான்! எனக்குக் கண்ணே கலங்கிருச்சு. வேகம் எவ்வளவு, கவரேஜ் எப்பிடி, ஒண்ணையும் நான் காதுல வாங்கல. ரவுட்டர வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

வியாழக்கிழமை பூரா அந்த ரவுட்டரோட வீட்டச் சுத்தினேன். முன்னால ரவுட்டர், பின்னால நீட்டு வயரு. விறாந்தையில ஒரு கோடுகூட இல்ல. படுக்கிற அறையில வந்த கோடு வந்த வேகத்துல போயிருச்சு. அலுமாரிக்கு மேல ஏறிப் பாத்தேன். குளிக்கிற அறையிலயும் வச்சுப் பாத்தேன். குசினியில மட்டும் பாக்கல. வெங்காயக் கூடைக்கும் மீன் சட்டிக்கும் நடுவுல இருந்து தமிழ் படிப்பிச்சா ஒரு வாத்தியாருக்கு என்ன மரியாத இருக்கும்?

கடைசியா ஹோல்ல ஒரு எடத்துல ரெண்டு கோடு நின்னுச்சு. சந்தோசத்துல துள்ளினேன். பொறகுதான் நிமிந்து பாத்தேன். அது எங்க வீட்டு பீடம். திரு இருதய ஆண்டவர் படமும், அதுக்கு முன்னால எப்பவும் எரியிற சிவப்பு பல்ப்பும் இருக்கிற தட்டு.

மெதுவா படத்துல கை வச்சேன். குசினியில இருந்த ஷிரானிக்கு எப்பிடித்தான் தெரிஞ்சுச்சோ, கரண்டியோட வந்து நின்னா.

"என்ன பண்றீங்க?"

"ஆண்டவரைக் கொஞ்சம் எறக்கி..."

"எறக்கி?"

"டீவி மேல வைக்கலாம்னு."

"நம்ம கல்யாணத்தன்னைக்கு பாதர் மந்திரிச்சு வச்ச படம்! அவர டீவி மேல வச்சிட்டு, அவரு எடத்துல அந்த டப்பாவ வைப்பீங்க. பொறகு நாம டப்பாவுக்கு முன்னால முழங்கால் போடுவமா?"

"காலையில இருந்து நான் அதத்தானே செஞ்சுக்கிட்டு இருக்கேன்!"

அவ சிரிக்கல. "சேசுவே, இந்த மனுசனுக்கு நல்ல புத்தி தாரும்," அப்பிடின்னு கரண்டியாலயே சிலுவ போட்டுக்கிட்டா.

"ஷிரானி, இன்னும் ரெண்டே நாள். இதுவும் போச்சுன்னா என்னை இனி ஒருத்தனும் சேர்னு கூப்புட மாட்டான். சாகுற வரைக்கும் விறாந்தையில ஒக்காந்து பஸ் எண்ணிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

கரண்டிய எறக்கினா.

"சரி. படம் அங்கயே இருக்கட்டும். டப்பாவ படத்துக்குப் பின்னால வைங்க. சிவப்பு பல்ப்ப அணைக்கக்கூடாது. அந்த கிளாஸ் லிங்க்க எனக்கும் அனுப்புங்க."

"ஒனக்கு எதுக்கு லிங்க்?"

"முப்பத்து மூணு வருசம் படிப்பிச்சீங்க. ஒருநாளாவது நான் பாத்திருக்கேனா?"

மனசு உருகிப் போச்சு. கட்டின பொண்டாட்டி நம்ம தெறமைய பாக்கணும்னு ஆசப்படுறா! அப்பவே அனுப்பிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கே மலைப்பக்கம் கறுத்துருச்சு. மேல வெள்ளச் சட்ட, டை. கீழ வீட்டுல கட்டுற சாரம். பீடத்துக்குக் கீழ மேசையப் போட்டு லெப்டொப்ப வச்சு ஒக்காந்தேன். என் தலைக்குப் பின்னால சிவப்பு பல்ப். ரவுட்டர்ல ரெண்டு கோடு. தூரத்துல ஒரு இடி. ஷிரானி குசினிக்கதவ சாத்திக்கிட்டா.

சரியா அஞ்சு மணி. ஸ்கிரீன்ல பதினோரு புள்ளைங்க. மேல ஒரு மூலையில சந்திரகாந்தா மெடம். அப்பப்பா, என்ன புள்ளைங்க! ஒண்ணு கதிரையில சுத்துது. ஒண்ணு பிஸ்கட் திங்கிது. ஒருத்தன் பூனைய தூக்கிக் காட்டுறான். எல்லாரையும் மியூட்ல இருக்கச் சொன்னேன். தொண்டையச் செருமிக்கிட்டேன்.

"அன்பார்ந்த மாணவச் செல்வங்களே!"

தலைக்கு மேல படார்னு ஒரு இடி. முடிஞ்சுச்சு, லைன் போச்சு, யாழ்ப்பாணத்து மாஸ்டர் வந்துட்டாருன்னு நெனச்சு ஸ்கிரீனப் பாத்தேன்.

போகல! பதினோரு புள்ளைங்களும் இருக்குதுங்க. அது மட்டுமா, என் குரலக் கேட்டதும் அத்தனையும் அடங்கிருச்சு. கதிரையில சுத்தினது நின்னுருச்சு. பிஸ்கட் வாய்க்குப் போகாம பாதியில நிக்கிது. ஒரு பொண்ணு வாயப் பொளந்துக்கிட்டு என்னையே பாக்குது. பூனகூட அசையல.

முப்பத்து மூணு வருசமா நான் கனவு கண்ட வகுப்புங்க அது. ஒருத்தன் சொறியல. ஒருத்தி திரும்பல. என்ன ஒழுக்கம்! என்ன வளர்ப்பு! சுவிஸ்னா சுவிஸ்தான்யா. ஸ்கிரீனுக்கு நடுவுல ஒரு சின்ன வட்டம் சுத்திக்கிட்டு இருந்துச்சு. றெக்சன் குடுத்த லைன் ஓடுதுன்னு நெனச்சேன்.

விட்டேன் பாருங்க. தாய்மொழியோட பெரும. உயிரெழுத்து. மெய்யெழுத்து. ஒரு பையன் கைய ஒசத்தியிருந்தான். "கேள்விய கடைசில கேக்கலாம் ராசா, கைய எறக்கு," அப்பிடின்னேன். எறக்கல. அவ்வளவு ஆர்வம்! நாப்பது நிமிசம் மூச்சு விடாம பேசினேன். முடிக்கும்போது எனக்கே அழுக வந்துருச்சு.

"யாருக்காவது வெளங்கலையா?"

ஒரு தலைகூட ஆடல.

அப்ப குசினிக்குள்ள இருந்து ஒரு சத்தம். புள்ளைங்க சிரிக்கிற சத்தம். ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு கூட்டமே சிரிக்குது. எந்திரிச்சுப் போய், முப்பத்தோரு வருசத்துக்குப் பொறகு அந்தக் கதவத் தள்ளினேன்.

ஜன்னல் ஓரத்துல, மா டின்னுல சாத்தி வச்சிருந்துச்சு ஷிரானியோட போன். போனுக்குள்ள பதினோரு புள்ளைங்க, குதிச்சுக்கிட்டு. மேசையில தேங்கா, பாவக்கா, வெங்காயம், மொளகா எல்லாம் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் முன்னால பெரிய எழுத்துல பேர் எழுதின மட்ட.

"இது என்ன?"

"மொளகாஆஆ!"

"தின்னா என்ன ஆகும்?"

"உறைக்கும் டீச்சர்!"

பூன வச்சிருந்த பையன் கேட்டான், "டீச்சர், முதல்ல ஒரு தாத்தாட படம் வந்துச்சே. பின்னால சிவப்பு லைட் எரிஞ்சுச்சு. அவர் செத்துட்டாரா?"

"இல்ல கண்ணு. இன்டர்நெட்தான் செத்துச்சு. இந்தா, உயிர்த்தெழுந்து வந்துட்டாரு பாருங்க!"

போன என் பக்கம் திருப்பினா. டையும் சாரமுமா நின்ன என்னைப் பாத்து பதினோரு புள்ளைங்களும் கை தட்டுச்சுங்க. மெடமும் தட்டினாங்க.

வகுப்பு முடிஞ்சதும் நான் வெங்காயக் கூடைக்குப் பக்கத்துல அப்பிடியே ஒக்காந்துட்டேன்.

"ஒனக்கு எப்பிடி கவரேஜ் கெடைச்சுச்சு?"

"செவ்வாக்கிழமை நீங்க டவுனுக்குப் போனீங்கள்ல, அப்பவே ஜங்ஷன்ல அந்த சிம்ம வாங்கிட்டேன். இந்த ஜன்னல்ல நாலு கோடு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேன். டெக்னிக்கல் விசயம்னீங்க."

"நான் வீடு பூரா தேடினேனே!"

"குசினியத் தவிர."

"அப்ப நான் படிப்பிக்கிறத பாக்கணும்னு லிங்க் கேட்டது?"

"பாத்தேனே. 'அன்பார்ந்த மாணவச்' வரைக்கும் பாத்தேன்."

மேசையில கெடந்த மட்டைய எடுத்துத் திருப்பிப் பாத்தேன். எழுத்தச் சுத்திப் பூவெல்லாம் போட்டு, கலர் அடிச்சிருந்துச்சு. "இதெல்லாம் எப்ப எழுதின?"

"வியாழக்கிழமை. நீங்க அலுமாரிக்கு மேல ஏறி நின்னீங்களே, அப்ப."

அப்பதான் மெடம் கோல் எடுத்தாங்க. "சேர், புள்ளைங்க எல்லாம் டீச்சரைத்தான் கேக்குதுங்க. இனி எல்லாச் சனிக்கிழமையும் டீச்சரே எடுக்கட்டும். ஆனா நீங்களும் கட்டாயம் வேணும். இலக்கணத்துல வினைச்சொல் பகுதிய உங்ககிட்ட குடுக்கலாம்னு டீச்சர் சொல்றாங்க."

எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சு. என்ன இருந்தாலும் இலக்கணம்னு வந்தா என்னைத்தானே தேடணும்! ஒரு வாரம் பூரா குறிப்பெடுத்து, டைய இஸ்திரி போட்டு வச்சேன்.

சனிக்கிழமை அஞ்சு மணி. குசினி. ஷிரானி தும்புத்தடிய என் கையில குடுத்துட்டு போனுக்கு முன்னால நின்னா.

"புள்ளைங்களா, இன்னைக்கு வினைச்சொல். நான் சொல்லுவேன், சேர் செஞ்சு காட்டுவாரு. சேர் கூட்டுறாரு."

"சேர் கூட்டுறாரு!"

"சேர் கோப்பை கழுவுறாரு."

"சேர் கோப்பை கழுவுறாரு!"

"சேர் தேங்கா திருவுறாரு."

இது நாலாவது மாசம். அந்தப் புதுக் கம்பனி லைன் மழைக்கும் நிக்கல, இடிக்கும் நிக்கல. இப்பல்லாம் சனிக்கிழமை நாலரைக்கே நான் திரு இருதய ஆண்டவருக்கு முன்னால முழங்கால் போட்டுருவேன். கேக்குறது ஒண்ணே ஒண்ணுதாங்க: ஆண்டவரே, ஒரு பத்து நிமிசமாவது இந்த லைன் அறுந்து போகணும்.